விண்ணுலக நம்பிக்கையும் பிறர்பொருட்டு வேண்டுதலும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அணித்தாக, எம் புதல்வன் இல்லத்தில் யாம் இப்பொழுது வைகி வருதல் நேயர் சிலர் அறிந்ததே. அடுத்த இல்லத்தில் வாழும் அம்மையார் கிறித்தவர். சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றிற் பணிபுரிந்த தம் ஒரே மகனை ஐந்தாண்டின் முன்னர்க் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர். சென்ற ஆண்டு எம் மனைவியார் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்த நான்கு திங்களும் அவர் நாடோறும் அந்திப் பொழுதில் வந்து, கட்டிலருகே முழந்தாளிட்டு, கண்மூடித் தம் கடவுளை வேண்டிச் செல்வார். யாம் தடுத்திலேம். எம் மனைவியாரும் நீறணிந்த நெற்றியராய்க் கைகுவித்துக் கேட்டிருப்பார்.

இதனைக் கண்ட சிவநேயர் ஒருவர், எம்மிடத்து உண்மையன்பு பூண்டவரே, ஒருநாள் எம்மைத் தனியே அழைத்துக் கடிந்துரைத்தார். "ஐயா, மடத்திற் பாடங் கேட்டவர் தாங்கள். தங்கள் இல்லத்திலேயே இஃது நடக்கலாமா? ஒருவர் வினையை மற்றொருவர் வேண்டுதல் மாற்றுமாயின் சித்தாந்தம் என்னாவது? அவர்கள் சொல்லும் பரலோகமோ நம் நூல்கள் கூறும் சுவர்க்கமே. புண்ணியம் தீர்ந்ததும் தள்ளிவிடும் போகபூமி. அதற்கு ஆள் சேர்க்கும் வேலையைத் தாங்கள் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே" என்பது அவர் கூற்று. யாம் அன்று விடை கூறிற்றிலேம். பொறுமையாலன்று, விடை அறியாமையால். எதிர்தரப்பு நூலை ஓதாது எதிர்தரப்பை மறுத்தல் நம்மவர்க்குள் அண்மைக்காலத்தே மிகுந்துவிட்ட பழக்கம். ஆறுமுக நாவலர் பெருமான் பேர்சிவல் பாதிரியார்க்கு உடனிருந்து விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்து, அந்நூலை வரிவரியாக அறிந்த பின்னரே 1854இல் சைவதூஷண பரிகாரம் வெளியிட்டார். அவர் மறுப்பு இன்றும் நிற்பது அந்த அறிவினால், வசைமொழியினால் அன்று.

ஆகலின் யாம் அவ்வம்மையாரையே அணுகி, நாடோறும் தாங்கள் விரித்து வைத்துக்கொண்டு வேண்டும் பகுதி யாதென்று வினவினேம். பவுல் என்பார் கொலோசெ நகரத்தார்க்கு எழுதிய நிருபத்தின் முதல் அதிகாரம் என்று கூறித் தம் நூலையே எமக்குப் படிக்கத் தந்தார். அதனை யாம் ஓராண்டாகப் பன்முறை ஓதினேம். அதன்பின் எழுந்தது இக்கட்டுரை.

கொலோசெ என்பது இன்றைய துருக்கி நாட்டிற் பண்டை நாளில் இருந்த சிற்றூர். பவுல் அவ்வூரைக் கண்டவரல்லர். அவ்வூராரும் அவர் முகத்தைக் கண்டவரல்லர். எப்பாப்பிரா என்னும் அடியவர் ஒருவர் அங்கே அச்சமயத்தைப் பரப்பி, அவர்தம் நிலையைப் பவுலுக்கு அறிவித்தார். பவுலோ அக்காலத்துத் தளையிற் கிடந்தார். (இந்நிருபம் பவுல் எழுதியதன்று, அவர் மாணாக்கர் எழுதியதென்பாரும் அவர்தம் ஆராய்ச்சியாளருள் உளர். அவ்வழக்கு நமக்கு வேண்டாதது; திருச்சபை அதனைப் பவுல் வாக்காகவே ஓதிவருகின்றது.) தளையிற் கிடப்பவர், தாம் காணாத ஊராரை நினைத்து, உங்கள் செய்தி கேட்ட நாள்முதல் உங்கள்பொருட்டு வேண்டுதலை விட்டிலேம் என எழுதுகின்றார். முதற்கண் இச்செயலின் அழகை ஒப்புக்கொள்ளல் வேண்டும். காணாத ஒருவனுக்காக ஒருவன் இறைவன்முன் நிற்றல், அவன் எச்சமயத்தானாயினும், அன்பின்பாற்படுமேயன்றி வேறில்லை.

இனி அவர் கூறும் பொருளை நோக்குவாம். அவ்வூரார்க்குக் கிறித்துவினிடத்து நம்பிக்கையும் அடியார் எல்லாரிடத்தும் அன்பும் உள. அவ்வன்புக்குக் காரணம் விண்ணில் அவர்க்கென வைக்கப்பட்டுள்ள நம்பிக்கைப் பொருள் என்பது அவர் துணிபு. இதனை முதன்முறை ஓதியபொழுது எம் நெஞ்சு இசைந்திலது. கூலி கருதிச் செய்யும் அன்பு அன்பாமோ? சேக்கிழார் பெருமான் அடியார் இயல்பு கூறுமிடத்து, கும்பிடுதல் ஒன்றையன்றி வீடுபேற்றையும் விரும்பாத உறைப்புடையாராக அவரைக் காட்டியருளினார். வீடே வேண்டாதவர் எங்கே, விண்ணை எதிர்பார்த்து அன்பு செய்வார் எங்கே என்று நூலை மூடிவைத்தேம்.

பின்னர் மேலே ஓதியவழி எம் முடிபு அவசர முடிபெனத் தெரிந்தது. வைக்கப்பட்டுள்ளது என்னும் சொல்லை உற்று நோக்குக. அது கூலியைக் குறிக்கும் சொல்லன்று, சேமநிதியைக் குறிப்பது. நம் ஆசிரியன்மாரும், தளர்ந்த காலத்துக்கு உதவுமாறு வைத்த நிதியாக இறைவனையே கூறுவர். இந்நிருபமும் அதே அதிகாரத்தின் பிற்பகுதியில், அந்நம்பிக்கையாவது உங்களுக்குள்ளே இருக்கும் கிறித்துவே என்று பொருளை விளக்கிவிடுகின்றது. ஆகவே நிதி ஓரிடமன்று, ஒருவர். அவரும் எங்கோ மேலே மட்டும் இருப்பவராகக் கூறப்பட்டிலர். பரலோகம் என்ற சொல்லைக் கேட்டவுடனே அரம்பையர் ஆடலும் அமுத உணவும் நினைத்து நகைக்கும் நம்மவர் இவ்விடத்தைக் கடந்து செல்லல் இயலாது.

அந்நண்பர் கூறிய சுவர்க்க வாதமும் இதனோடு வீழ்கின்றது. நம் நூல்வழிச் சுவர்க்கமாவது புண்ணியத்தின் பயனை நுகர்தற்கு அமைந்த மாயாபுவனம். நுகர்ந்து தொலைந்தவழி மீட்டும் பிறவி. கிறித்தவர் கூறும் விண்ணுலகோ அவர் கொள்கைப்படி நல்வினைக் கூலியன்று, அருளால் வருவது. அதனினின்று மீட்சியும் இல்லை. அதனை நம் அளவைகொண்டு அளக்கவே வேண்டுமாயின், சாலோக சாமீபங்களாகிய பதமுத்திகளின் பக்கத்தில் வைத்து ஆராய்தல் தகும். அவ்வாறு வைத்தும் முழுதும் ஒவ்வாது. பதமுத்தியிலுள்ளார் மீண்டு வருதற்கும் இடமுண்டென்பது நம் துணிபு ஆகலின். மேலும் உயிர் முத்தியிலும் அழியாது, இறைவனாகவும் ஆகாது, அவன் அடிமையாகவே நின்று இன்பம் நுகரும் என்பதில் ஏகான்மவாதியினும் கிறித்தவன் நமக்கு அணியன். இதனை வெளிப்படச் சொல்லுதற்கு நம்மவர் கூசுகின்றனர். கூச்சம் எற்றுக்கு?

இலக்கணம் பயின்ற எமக்கு இவ்வதிகாரத்தில் மிகுந்த வியப்பு விளைத்தது ஒரு காலங்காட்டும் சொல். இருளின் ஆட்சியினின்று நம்மை விடுவித்துத் தம் மைந்தரின் அரசிற் புகுத்தினார் என்று அந்நூல் இறந்தகாலத்தாற் கூறுகின்றது. எழுதியவரோ சிறையில், கேட்டவரோ கொலோசெயிற் சந்தைக்கும் வயலுக்கும் சென்றுவருவோர். புகுந்துவிட்டாராயின் இன்னும் விண்ணை நம்பியிருத்தல் எற்றுக்கு? தெளிவு பற்றி எதிர்காலத்தை இறந்தகாலத்தாற் கூறுதலை நன்னூலார் வழுவமைதியாக அமைத்தனர். இஃது அவ்வமைதியோ, அன்றி உண்மையாகவே நிகழ்ந்து முடிந்ததைக் கூறியதோ? இவ்வையத்தை அவ்வம்மையாரிடத்துக் கூறினேம். அவர் சிறிது நினைந்து, "எனக்கு இரண்டும் போலத்தான் ஐயா இருக்கிறது" என்றார். சீவன்முத்தர் இயல்பு கூறும் இடங்களில் நம் உரையாசிரியன்மார் பல பக்கம் எழுதி உணர்த்தும் இடர்ப்பாட்டை அவ்வொரு தொடரிலே அடக்கிவிட்டார் என்று யாம் எண்ணினேம். ஆயின் ஒன்று கூறல் வேண்டும்: உடலோடு கூடியிருக்கும்பொழுதே வீடு கைகூடும் என்பதை நம் ஆசிரியர் வெளிப்படையாக நிறுவி, அதற்குரிய நிலைகளையும் வகுத்தனர். அந்நிருபம் அதனைத் தொட்டுக் காட்டிவிட்டுச் செல்கின்றது. திருச்சபையின் பிற்கால உபதேசம் அதனைக் கல்லறைக்கு அப்பால் ஒதுக்கிவிட்டது.

இனிப் பவுல் அவ்வூரார்க்கு வேண்டியவை யாவை? இறைவன் திருவுளத்தை அறியும் அறிவு, அதற்கேற்ற ஒழுக்கம், எல்லாவற்றையும் மகிழ்ச்சியோடு பொறுக்கும் ஆற்றல். இவ்வளவே. உடல்நலம், பொருள், பதவி, பகைவர் அழிவு ஆகியன அப்பட்டியலில் இல்லை. எப்பாப்பிராவும் அவர்பொருட்டுப் போராடி வேண்டுவதாக அந்நிருபத்தின் இறுதி கூறும். அவர் வேண்டியதும் அவ்வூரார் இறைவன் திருவுளத்திலே தேறியவராய் நிலைத்து நிற்றல் ஒன்றே. இதனை ஓதிய பின்னர் எம் தெருக்கோடியிலே ஒட்டப்பட்டிருந்த செபக்கூட்ட விளம்பரத்தைக் கண்டேம். வேலை, வீடு, கடன் நீக்கம், நோய் நீக்கம், வெளிநாட்டுப் பயணம் என்று அதிலே நிரல்பட எழுதியிருந்தனர். பவுலடிகள் அதனைக் கண்டால் மற்றொரு நிருபம் எழுதுவார்.

நகைத்தற்கு நமக்கு உரிமையில்லை. இவ்விடத்துக்கு அணித்தான சிறுவாபுரியில் முருகப்பெருமான் திருமுன் செவ்வாய்தோறும் நிற்கும் பெருங்கூட்டம் எதற்கு நிற்கின்றது? சொந்த வீடு கட்டுதற்கு. அருணகிரியார் பாடல் பெற்ற அத்தலத்தில், வீடு என்னும் சொல் செங்கற் கட்டடத்தை மட்டுமே உணர்த்தும் அளவுக்கு வந்து நின்றமை எம்மைப்போன்ற தமிழாசிரியரின் பிழையாகவும் இருக்கலாம்.

சொல்லைப் பற்றிப் பேச நேர்ந்தமையின் இதனையும் ஈண்டே கூறிவிடுதல் நன்று. தமிழ்க் கிறித்தவர் தம் விண்ணுலகை மோட்சம் என்று வழங்கத் தலைப்பட்டு நெடுங்காலமாயிற்று. பனியன் எழுதிய யாத்திரை நூலின் தமிழாக்கம் மோட்ச பிரயாணம் என்னும் பெயரால் இல்லந்தோறும் ஓதப்பட்டது. மோட்சமும் வீடும் விடுபடுதற்பொருளில் வந்த சொற்கள், இடப்பொருளன அல்ல. விடுபடுதற்குப் பயணம் உண்டோ? எதனினின்று விடுபடுதல் என்பதே வினா. அவர் பாவம் என்பர். அது முதல் மனிதன் செய்த ஒரு செயலால் வந்தது. நாம் ஆணவம் என்போம். அது செயலன்று, செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உள்ளது. நோய் வேறாகலின் மருந்தும் வேறாயிற்று. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு மோட்சம் என்னும் பெயர் ஒற்றுமையால் இரு சமயமும் ஒன்றென்பாரும், பெயரைத் திருடினர் என்பாரும் நூலாராயாதவரே.

தமிழிற் பாடிய கிறித்தவப் புலவர் இருவரை ஈண்டு எடுத்து நோக்குதல் வேண்டும். இத்தாலி நாட்டினரான வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, வளனார் என்னும் சூசையின் வரலாறு. அது அவர்க்கு வானகத்தில் முடிசூட்டுதலோடு நிறைவெய்துகின்றது. முனிவர் கத்தோலிக்கர். விண்ணுற்ற அடியார் மண்ணிலுள்ளார்க்காக இறைவனிடம் பரிந்து மன்றாடுவர் என்பது அவர் சமயம். ஆகலின் முடிசூடிய வளன் அவர்க்குக் கதைத்தலைவன் மட்டுமல்லன். பாடுவோரும் கேட்போரும் தம் குறையை எடுத்துச் சொல்லுதற்குரிய உறவினன். காப்பியத்தின் இறுதியிலே வானகம் நமக்குத் தொலைவாகாமல் அணித்தாவது இதனாலேயே. நாயன்மார் குருபூசை நடத்தும் நமக்கு இவ்வுணர்ச்சி புதிதன்று.

திருநெல்வேலிச் சீமையிலே 1827இற் பிறந்து, 1858இற் கிறித்தவரான எச். ஏ. கிருட்டிண பிள்ளை வைணவ மரபினர், கம்பனில் ஊறியவர், சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்தவர். 1894இல் வெளிவந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகம் பனியனுடைய நூலின் முதற் பாகத்தைப் பெரிதும் அடியொற்றியது. தேவாரப் பண்ணமைதியிலே இடையிடையே அவர் அமைத்த துதிப்பாக்களின் உருக்கம் அவர் கற்ற தமிழின் பயன். காப்பியச் சுவையில் யாம் குறைகாண வந்திலேம். ஆயினும் அக்கதையின் தொடக்கம் எம்மை என்றும் உறுத்துவது. அழிவு நகரத்தினின்று தப்பியோடும் அந்த யாத்திரிகன், மனைவியும் மக்களும் பின்னின்று அழைக்கவும், காதைப் பொத்திக்கொண்டு வாழ்வு வாழ்வு என்று கதறியவாறு ஓடுகின்றான். தன் உயிர் உய்ந்தாற் போதும். பனியனுக்கே இது பின்னர் உறுத்தியிருத்தல் வேண்டும். 1678இல் முதற் பாகம் வெளியிட்டவர், 1684இல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் மக்களையும் அதே வழியில் நடத்திச் சென்று நகரஞ் சேர்க்கின்றார்.

திருநல்லூர்ப் பெருமணத்தை நினையாமல் இவ்விடத்தை எம்மாற் கடக்க இயலவில்லை. சம்பந்தப்பிள்ளையார் திருமணம் காண வந்தவர் யாவர்? சுற்றத்தார், அடியார், பல்லக்குச் சுமந்தோர், சமையற்றொழிலோர், வேடிக்கை பார்க்க வந்தோர். சோதி தோன்றியபொழுது பிள்ளையார் தாம் முன்னர்ப் புகுந்தாரல்லர். வந்தவரெல்லாரையும் உள்ளே புகச் செய்து, பின்னர்க் காதலியார் கைப்பற்றித் தாம் புகுந்தருளினார். பிறர்பொருட்டு வேண்டுதல் என்பதற்கு இதனின் மேம்பட்ட சான்று எச்சமயத்தில் உண்டோ யாம் அறியேம். விருந்துண்ண வந்தவனுக்கு வீடு கிடைத்தது. அவன் மலம் அன்று பரிபாகம் எய்தியிருந்ததோ என்று கணக்கிடுவார் கணக்கிடுக, சேக்கிழார் கணக்கிட்டிலர்.

எம் நண்பர் எழுப்பிய முதல் வினாவுக்கு விடை இதனுள்ளேயே உளது. ஒருவர் வினையை மற்றொருவர் வேண்டுதல் மாற்றுமோ என்றார். வினை சடம், தானே சென்று பயன்தருவதன்று, அறிந்து கூட்டுவோன் இறைவன். இஃது நம் சாத்திரத்தின் முதற்பாடம். கூட்டுவோன் அறிவுடைப் பொருளாயின், அவன் திருச்செவி அடியார் வேண்டுகோளுக்கு அடைபட்டதன்று. திங்களூரில் அப்பூதியார் மகன், மயிலையிற் பூம்பாவை, அவிநாசியில் முதலை உண்ட பாலன் ஆகிய மூவரும் தம் வினைக்கணக்குத் தீர்ந்து மீண்டவரல்லர். பிறர் வேண்ட மீண்டவர். இறந்தார்க்கு நாம் செய்யும் அந்தியேட்டி யாது? உடல்விட்ட உயிரை நோக்கி ஆசாரியர் செய்யும் தீக்கையன்றோ? மற்றொருவன்பொருட்டு வேண்டுதலைச் சித்தாந்தம் ஒப்பாது என்பார், தம் வீட்டில் நடந்த ஈமக்கிரியையை நினைவு கூரல் நன்று.

உமாபதிசிவம் வரலாற்றில் இதனினும் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. பெற்றான் சாம்பான் என்னும் எளிய தொண்டர் கொற்றவன்குடி மடத்துக்கு நாடோறும் விறகு கொணர்வார். தில்லைக் கூத்தன் தானே ஒரு சீட்டெழுதி, இவனுக்குப் பேதமறத் தீக்கை செய்து முத்தி கொடுக்க என்று ஆசாரியர்க்கு விடுத்தனன் என்பர். பிறரெல்லாம் அடியார்க்காக இறைவனிடம் பரிந்துரைப்பர். இங்கே இறைவனே ஒரு விறகுசுமப்போனுக்காக அடியாரிடம் பரிந்துரைக்கின்றான். கிறித்துவே பிதாவின் வலப்பால் இருந்து நமக்காகப் பரிந்து வேண்டுகின்றார் என்று அவ்வம்மையார் எம்மிடம் கூறியபொழுது, யாம் இச்சீட்டின் கதையைக் கூறினேம். அவர் அதனை இருமுறை சொல்லக் கேட்டனர்.

ஒற்றுமை கூறினேம், வேற்றுமை கூறாது விடுதல் நடுவுநிலைமையாகாது. கிறித்து தம் மாணாக்கரைப் பிரியும் இரவில் செய்த நீண்ட வேண்டுதல் ஒன்றை யோவான் எழுதிய நூலின் 17ஆம் அதிகாரத்திற் காணலாம். தாம் இருக்குமிடத்தில் அவரும் இருத்தல் வேண்டும் என்று மனங்கசிந்து கேட்கின்றார். அங்கேயே, உலகத்துக்காக யான் வேண்டவில்லை, எனக்குத் தரப்பட்டவர்க்காகவே வேண்டுகின்றேன் என்னும் கருத்தும் வருகின்றது. எல்லா மனிதர்க்காகவும் வேண்டுக என்று பவுல் பெயரால் வழங்கும் மற்றொரு நிருபம் கூறுதலும் உண்மையே. எனினும் நம்பினவர், நம்பாதவர் என்னும் கோடு அச்சமயத்தின் நடுவே ஓடுகின்றது; மரணத்தோடு அக்கோடு அழியாத பிளவாகி விடுகின்றது. ஏழை இலாசருவும் செல்வனும் பற்றிய கதையிலே, எரியிற் கிடந்த செல்வன் தனக்கு ஒருதுளி நீர் கேட்டுப் பெறாதவனாய், உயிரோடிருக்கும் தன் உடன்பிறந்தார் ஐவர்க்காக வேண்டுகின்றான். நரகத்திலும் அவன் பிறரை நினைந்தான். அவ்வேண்டுதலும் மறுக்கப்பட்டது. ஓதுந்தோறும் எமக்கு அச்செல்வனிடத்தே இரக்கம் பெருகுகின்றது. ஒரு பிறவியிற் செய்த பிழைக்கு முடிவில்லாத தண்டம் என்பதை எத்துணை விளக்கங் கேட்டும் எம் உள்ளம் ஏற்கின்றிலது. எவ்வுயிரும் எண்ணிறந்த பிறவி எடுத்தேனும் ஒருநாள் கரையேறும் என்பது நம் ஆசிரியர் துணிபு. விண்ணுலக நம்பிக்கை எவ்வளவு இனியதாயினும், அதன் பின்னே விழும் இந்நிழலை அச்சமயத்தார் தாமே ஒருநாள் ஆராய்ந்தாக வேண்டும்.

இறந்தார்க்காக வேண்டலாமோ என்பதிலே அவர்க்குள்ளேயே நெடும்பூசல் உண்டு. அப்பூசலைக் கண்ணாற் காண விரும்புவோர் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் செல்க. போர்ச்சுகீசியர் காலத்ததாகிய மகிமை மாதா ஆலயம் அங்கே உளது. இப்பொழுதும் இறக்கும் வேளையிலும் எமக்காக வேண்டிக்கொள்ளும் என்று தாயை இரக்கும் மக்கள் இன்றும் அங்கே கூடுகின்றனர். 1613இல் ஒல்லாந்தர் எழுப்பிய கெல்டிரியாக் கோட்டையின் இடிபாடும், தொல்லியல் துறையினர் காத்துவரும் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டமும் அவ்வூரிலேயே உள. தோட்டத்து வாயிலின் மருங்கே கல்லிற் செதுக்கிய எலும்புருவங்கள் வருவோரை எதிர்கொள்கின்றன. ஆலங்காட்டுப் பேயுருவம் கண்டு பழகிய எமக்கு அவை அச்சந் தந்தில. அங்கே துயில்வோர் சீர்திருத்தச் சபையினர். இறந்தார்க்கு உயிரோடிருப்பார் செய்யும் வேண்டுதல் பயன்படாது என்பது அவர் கொள்கை. கத்தோலிக்கரோ உத்தரிக்கும் தலம் ஒன்று உண்டென்றும், அங்குள்ள உயிர்களுக்கு நம் வேண்டுதல் உதவுமென்றும் கொண்டு, நவம்பர் 2ஆம் நாளைக் கல்லறைத் திருநாளாகக் கொண்டாடுவர். அவர்க்கு ஆதாரமாகிய மக்கபேயர் நூலை மற்றவர் தம் மறைத்தொகுதியிற் சேர்த்திலர். ஐரோப்பாவை இரண்டாகப் பிளந்த வழக்கு அச்சிறு மீனவர் ஊரில் கூப்பிடு தூரத்துக்குள் அமைதியாகக் கிடக்கின்றது.

அக்கோட்டையிலே 1632ஆம் ஆண்டளவில் தொடங்கிப் பத்தாண்டளவு குருவாயிருந்த ஆபிரகாம் ரொகேரியு என்பார், பத்மநாபன் என்னும் அந்தணரிடத்து நம் நாட்டுச் சமயங்களைக் கேட்டறிந்து ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்த பின்னர் 1651இல் அது லெய்டன் நகரில் அச்சாயிற்று. பருத்திருகரியின் நீதி சதகமும் வைராக்கிய சதகமும் ஐரோப்பிய மொழியொன்றில் முதற்கண் புகுந்தது அந்நூல் வாயிலாகவே. சுவர்க்க போகத்தையும் துரும்பாக எண்ணும் வைராக்கியத்தை, விண்ணுலகைப் போதிக்க வந்த குருவானவர் பழவேற்காட்டு உப்பங்கழியோரத்தில் அமர்ந்து தம் மொழியிற் பெயர்த்தெழுதினார். மறுத்தற்கு முன்னே கேட்டறிய வேண்டும் என்னும் ஒழுக்கம் அவர்பால் இருந்தது. ஏட்டிற் குறைகள் பலவாயினும் அவ்வொழுக்கம் பற்றி அவரை யாம் மதிக்கின்றேம்.

நண்பர்க்கு இவற்றையெல்லாம் எடுத்துரைத்தேம். சாத்திரப் பகுதியை ஒப்புக்கொண்டார். "ஆயினும் அம்மையார் வேண்டியது வேறு கடவுளை அன்றோ" என்றார். யாதொரு தெய்வங் கொண்டாலும் அத்தெய்வமாகி வருவோன் யாவன் என்பதைச் சித்தியார் ஓதிய அவருக்கு யாம் கூறவேண்டியதில்லை. அவரும் மேலே பேசிற்றிலர்.

எம் மனைவியார் தை மாதத்திற் சிவபதம் எய்தினார். அன்றிரவு முழுதும் அவ்வம்மையார் எம் இல்லத்தில் இருந்தார், ஆயின் முழந்தாளிட்டிலர். பதினாறாம் நாள் கழிந்தபின், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "ஐயா, அம்மாவுக்காக இனி நான் ஜெபம் பண்ணக்கூடாது என்று எங்கள் போதகர் சொல்கிறார். என் மகன் போனபோதும் அதைத்தான் சொன்னார்கள். அவன் கர்த்தரிடத்தில் இருக்கிறான், இனிக் கேட்க ஒன்றுமில்லை என்றார்கள். அது சரிதான். ஆனால் சாயங்காலம் ஆனால் வாய் கேட்கமாட்டேன் என்கிறதே." யாம் விடை கூறுமுன்னர், "உங்கள் கோயிலில் போனவர்களுக்காக விளக்கு வைப்பார்களாமே" என்று வினவினார். ஆம் என்றேம். வேறொன்றும் அவர் சொல்லவில்லை, எழுந்து போயினார்.

ஆண்டுத் திதி கழிந்த பின்னர்த் திருவாலங்காட்டுக்குச் சென்றேம். காரைக்கால் அம்மையார் பிறவாமை வேண்டி, பிறப்புளதேல் மறவாமை வேண்டி, இறைவன் ஆடுங்கால் அவன் அடியின்கீழ் இருக்கவும் வேண்டிப் பெற்ற தலம் அது. மோட்ச தீபம் ஏற்றுதற்கு அருச்சகர் பெயரும் நாள்மீனும் கேட்டார். எம் மனைவியாருடையன கூறினேம். மற்றொரு விளக்கும் வேண்டும் என்றேம். யாருக்கு என்றார். அப்பிள்ளையின் பெயர் எமக்குத் தெரியும். பிறந்த நாள்மீன் தெரியாது. அவன் தாய்க்கும் தெரிந்திராது. சிறிது நின்று, "சுவாமி பேருக்கே வையுங்கள்" என்றேம்.